மூன்றாவது ஜாடி

இந்த வீட்டில் தனக்கென்று ஒரு ஜாடி வேண்டும் என்று பான் ஷெங்வாங் முடிவு செய்துவிட்டார். அவர் ஒன்றை முடிவு செய்தால் செய்ததுதான். மனைவி ஃபெங்மேயின் காதில் விழாதவரைக்கும் அதை யாராலும் மாற்ற முடியாது.

அடுப்பங்கரையில் மூன்று ஜாடிகள் இருந்தன. மூன்றும் ஃபெங்மேயுடையவை. சரியாகச் சொன்னால் அவளுடையவைகூட இல்லை, அவள் கூந்தலுடையவை. அந்தக் கூந்தலுக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதையில் பாதி தனக்குக் கிடைத்திருந்தால் ஷெங்வாங் வாயே திறந்திருக்க மாட்டார். தினமும் சோற்றுக்கு அரிசி களைந்த கழனித்தண்ணி முதல் ஜாடிக்குப் போகும். அதில் பம்பளிமாஸ் தோல், தட்டிய இஞ்சி, தேயிலைக் கொட்டை எல்லாம் விழும். கொதித்து, ஆறி, அடுப்புச் சூட்டில் புளிக்கும். அரைகுறையாகப் புளித்தது இரண்டாவது ஜாடி. கடைசியில் துணி கட்டி மூலையில் உட்கார்ந்திருக்கிறதே, அந்த மூன்றாவது ஜாடிதான் முற்றியது. மூன்றாம் மாதம் வரும் கூந்தல் விழாவுக்கு முன்னால் அதன் துணியை அவிழ்க்கவே மாட்டாள்.

கூந்தலும் லேசுப்பட்டதல்ல. முக்காலி மேல் ஏறி நின்று அவிழ்த்துவிட்டால் நுனி தரையைப் பெருக்கும். தென்சீனத்து அந்த மலையில் சிவப்பு யாவ் இனப் பெண்கள் பதினெட்டு வயதில் ஒரே ஒரு முறை முடி வெட்டுவார்கள். வெட்டியதையும் எறிய மாட்டார்கள். சீப்பில் உதிர்ந்ததையும் எறிய மாட்டார்கள். வளர்ந்தது, வெட்டியது, உதிர்ந்தது மூன்றையும் சேர்த்துச் சுருட்டி நெற்றிக்கு மேல் கொண்டையாகக் கட்டுவார்கள். ஷெங்வாங்குக்கு அந்தக் கொண்டைதான் வானிலை அறிக்கை. தளர்வாக இருந்தால் பேசலாம். இறுக்கமாக இருந்தால் எருமையைப் பார்க்கப் போய்விடுவது உடம்புக்கு நல்லது.

அவருடைய தலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உச்சியில் வெயில் அடித்தால் எதிரில் வருபவர் கண்ணை மூடிக்கொள்வார்.

இப்போது ஜாடி எதற்கு என்றால், கள்ளுக்கு. புத்தாண்டு விருந்துக்கு மாமியார் வீட்டுக்குப் போனவர் அரிசிக் கள்ளை மூக்கு முட்டக் குடித்துவிட்டார். திரும்பும் வழியில் வரப்பு வளைந்தது, அவர் வளையவில்லை. தண்ணீர் நிறைந்த படிவயலுக்குள் மல்லாந்து கிடந்து, பக்கத்தில் நீந்திய ஒரு வாத்திடம், "அத்தே, நீங்க பேசுறது கொஞ்சம்கூட நியாயமில்ல" என்று வெகுநேரம் வாதாடினார். வாத்து பதில் சொல்லவில்லை. வரப்பின் மேல் நின்றுகொண்டிருந்த நிஜ மாமியார்தான் சொன்னார்.

"என்ன நியாயமில்ல மாப்பிள்ளை?"

"அத்தே! நீங்க அங்கயா இருக்கீங்க? அப்ப இது யாரு?"

"வாத்து."

அங்கேயே, இடுப்பளவு சேற்றில் நின்றபடி சத்தியம் நடந்தது.

"இனிமே தொட மாட்டேன் அத்தே."

"எது வரைக்கும்?"

"கூந்தல் விழா வரைக்கும்."

"தொட்டா?"

"தொட்டா இந்த வருஷம் உங்க வயல் முச்சூடும் நானே உழுது தர்றேன்."

போதை சொன்ன வார்த்தை. மாமியாரின் வயல்கள் மலையுச்சியில் இருந்தன, மேகத்துக்கும் மேலே. ஒவ்வொன்றும் பாய் அகலம். எருமை திரும்ப இடமில்லாத வயலில் மாப்பிள்ளைதான் கலப்பையைத் தோளில் வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். கூடவே வரப்பில் மாமியாரும் நடந்து வருவார், பேசிக்கொண்டே. கலப்பையைக்கூடத் தாங்கிவிடலாம் என்பது ஷெங்வாங்கின் கருத்து.

ஆகவே சத்தியத்தை மீறக் கூடாது. மீறினாலும் தெரியக் கூடாது. ஷெங்வாங் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

எங்கே ஒளிப்பது? கட்டிலுக்கு அடியில் ஃபெங்மேய் பெருக்குவாள். வைக்கோல் பரணில் குத்திப் பார்ப்பாள். பன்றிக் கொட்டிலில் ஒளித்தால் பன்றி குடிக்கும். இப்படி யோசித்து யோசித்து ஓய்ந்திருந்த ஒரு நாள், அடுப்புக்கு முன்னால், தேயிலையை எண்ணெயில் வதக்கிக் காய்ச்சும் எண்ணெய்த் தேநீரில் பொரி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் பார்வை மூலைக்குப் போனது. கள்ளும் வெள்ளை, கழனித்தண்ணியும் வெள்ளை. அதுவும் கலங்கல், இதுவும் கலங்கல். அதுவும் புளிக்கும், இதுவும் புளிக்கும். போதாததற்கு அந்த ஜாடியை விழாவுக்கு முன் யாரும் திறக்க மாட்டார்கள். தன் மூளையை நினைத்து ஷெங்வாங்குக்கே புல்லரித்தது.

ஃபெங்மேய் சந்தைக்குப் போன அன்று காரியம் முடிந்தது. மூன்றாவது ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் கொட்டினார். கொட்டும்போது மனம் லேசாகக் குத்தியது. எத்தனை மாதமாக அவள் பார்த்துப் பார்த்து வளர்த்த தண்ணீர். 'விழாவுக்கு முந்தின நாள் இரண்டாவது ஜாடியிலிருந்து ஊற்றி வைத்துவிட்டால் போச்சு' என்று மனத்தைத் தட்டிக் கொடுத்தார். அதுவும் உடனே அடங்கிவிட்டது, நல்ல மனம். பக்கத்து வீட்டுத் தெமிங் கள்ளு கொண்டுவந்தான். மேலே பழைய பம்பளிமாஸ் தோலை மிதக்கவிட்டுத் துணியைக் கட்டியாயிற்று.

குடிப்பதற்கும் வழி கண்டுபிடித்தார். அடுப்பு ஊதும் மூங்கில் ஊதாங்குழல். அதைத் துணி ஓரத்தில் நுழைத்து உறிஞ்சினால் முடிச்சை அவிழ்க்கவே வேண்டாம். அன்றிலிருந்து மாலையானால் அடுப்பு மூட்டுவது தன் வேலை என்று எடுத்துக்கொண்டார்.

"என்னய்யா, அடுப்பங்கரையிலயே குடியிருக்கே?" என்றாள் ஃபெங்மேய்.

"உனக்கு ஒத்தாசை."

"கல்யாணமானதுலேர்ந்து இல்லாத ஒத்தாசை?"

"மனுஷன் திருந்தவே கூடாதா?"

"திருந்தலாம். ஆனா நீ ஊதினா நெருப்பு அணையுது, உன் மூஞ்சி சிவக்குது. அதான் கேட்டேன்."

"அனல்!" என்றார் ஷெங்வாங்.

அவள் போய்விட்டாள். கொண்டை தளர்வாகத்தான் இருந்தது. ஷெங்வாங் குழலை மறுபடி ஜாடிக்குள் விட்டார்.

சில நாள் கழித்து அவள் கொட்டில் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"இந்தாய்யா, இந்தப் பன்னிக்கு என்ன ஆச்சு?"

ஷெங்வாங் ஓடிப்போய்ப் பார்த்தார். அவர் ஜாடித் தண்ணீரைக் கொட்டிய இடத்துச் சேற்றில் பன்றி புரண்டு புரண்டு எழுந்திருந்தது. உடம்பிலிருந்த ரோமமெல்லாம் கறுகறுவென்று பட்டுப்போல் மினுங்கியது. நடையிலேயே ஒரு கர்வம் வந்திருந்தது.

"வயசு," என்றார் ஷெங்வாங். "அதுக்கும் ஒரு வயசு இருக்குல்ல."

"அதானே," என்றாள் ஃபெங்மேய். பன்றியைப் பார்த்தாள். சேற்றில் ஒட்டியிருந்த ஒரு துண்டு பம்பளிமாஸ் தோலைக் காலால் புரட்டினாள். பிறகு, "அம்மாவைப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஒரு எட்டுப் போயிட்டு வந்துடறேன்" என்று முதுகுக்கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிப் போனாள். கூடை போகும்போதும் கனத்தது, வரும்போதும் கனத்தது. ஷெங்வாங் எதையும் கவனிக்கவில்லை. அவர் மேல்மாடியில் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அன்று மாலையிலிருந்து கள்ளு இன்னும் கொஞ்சம் புளித்தது. இஞ்சிக் காரமும் நாக்கில் ஏறியது. ஷெங்வாங் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். முற்றுகிறது. அடுப்புச் சூடு வேலை செய்கிறது. இப்படிப்பட்ட சரக்கைத் தனியாகக் குடிப்பது பாவம் என்று தோன்றவே, ஃபெங்மேய் விறகுக்குப் போன நேரம் பார்த்துத் தெமிங்கைக் கூப்பிட்டார்.

தெமிங் உறிஞ்சினான். முகம் கோணியது.

"அண்ணே, இது நான் கொண்டுவந்த கள்ளு மாதிரியே இல்லியே."

"நீ கொண்டுவந்தது குழந்தைடா. இது வாலிபம்."

"கசக்குதே."

"முத்தின கள்ளு கசக்கத்தான் செய்யும். நாலு வாய் குடிச்சவனுக்குத்தான் அதெல்லாம் தெரியும்."

தனக்குத் தெரியாது என்று சொல்லத் தெமிங் விரும்பவில்லை. மறுபடி உறிஞ்சினான். "ஆமாண்ணே. இப்பத் தெரியுது. கிர்ருங்குது!"

"எங்க?"

"இங்க, பொட்டுல."

"எனக்கு முழங்கால்ல!" என்றார் ஷெங்வாங். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நாற்று நடும் பாட்டைப் பாடினார்கள். பிறகு ஆடினார்கள். தெமிங் ஒரு தூணிடம் மன்னிப்புக் கேட்டான். ஜன்னலுக்கு வெளியே விறகுக் கட்டோடு நின்ற ஃபெங்மேய், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியதை இருவரும் பார்க்கவில்லை.

விழாவுக்கு முந்தின நாள் ஷெங்வாங் நினைத்தபடி செய்தார். ஜாடியை வழித்துக் குடித்து முடித்தார். இரண்டாவதிலிருந்து மொண்டு மூன்றாவதை நிரப்பினார். துணியைக் கட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். திட்டம் என்றால் இது திட்டம்.

விழா அன்று ஆற்றங்கரையில் ஊரே கூடியது. சிவப்புச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாகப் பெண்கள் கல்லுக்குக் கல் வரிசையாக நின்றார்கள். கொண்டைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன. சூடு காட்டிய தண்ணீரைச் சுரைக்குடுக்கையால் மொண்டு தலையில் ஊற்றி, குனிந்து, ஆற்றில் அலசினார்கள். ஃபெங்மேயின் கூந்தல் தண்ணீரோடு தண்ணீராக இழுத்துக்கொண்டு போனது. நிமிர்ந்து அதைப் பிழிந்து தோளில் போட்டாள். அது மற்ற எல்லாக் கூந்தலையும்விட மினுங்கியது. ஷெங்வாங்குக்கு நெஞ்சு விம்மியது. கல்யாணத்துக்கு முன்னால் இதே ஆற்றங்கரையில் வாய் பிளந்து நின்றவர்தானே. இன்றைக்கும் வாய் அப்படியேதான் பிளந்தது.

அதற்கடுத்த நொடியே அவருக்குள் இருந்த அறிவாளி விழித்துக்கொண்டான். அரைகுறைத் தண்ணீரிலேயே இந்த மினுக்கா! அப்படியானால் மாதக்கணக்கில் புளிக்கவைப்பதெல்லாம் சும்மா. இந்தப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஊரை ஏய்த்துவந்திருக்கிறார்கள். பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்த தெமிங்கின் காதில் இதைச் சொல்லிச் சிரித்தார்.

அப்போதுதான் மாமியார் வந்தார். எழுபது தாண்டியவர், தலையில் ஒரு நரை கிடையாது. குரலிலும் கிடையாது.

"மாப்பிள்ளை! இன்னையோட கெடு முடியுது. சத்தியத்தைக் காப்பாத்தினீங்களா?"

கரை முழுவதும் திரும்பிப் பார்த்தது. ஷெங்வாங் எழுந்து நின்றார்.

"ஒரு சொட்டு இல்ல அத்தே. நாக்குல கள்ளு பட்டிருந்தா கேளுங்க!"

"நானும் சாட்சிம்மா," என்றாள் ஃபெங்மேய் தலையைத் துவட்டிக்கொண்டே. "இந்த மனுஷன் ரொம்ப நாளா கள்ளு குடிக்கவே இல்ல."

கூட்டம் ஆரவாரம் செய்தது. ஷெங்வாங்குக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவியா! தேவையில்லாமல் எவ்வளவு பயந்துவிட்டோம்! ஃபெங்மேய் ஈரக் கூந்தலோடு கிட்டே வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நெசமாத்தான்யா சொன்னேன். பன்னி மினுங்கிச்சே, அன்னையோட உன் கள்ளு தீர்ந்துது."

"என்ன சொல்றே?"

"ஜாடியில இருந்த கள்ளை எங்கம்மா வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன். அங்கேயிருந்து ரெண்டு குடுவையில முத்தின கழனித்தண்ணி கொண்டுவந்தேன். ஒண்ணை எனக்கு எடுத்து வச்சேன். இப்ப ஊத்தினேனே, அது. இன்னொண்ணை உன் ஜாடியில ஊத்தினேன்."

ஷெங்வாங்கின் வாய் மறுபடி பிளந்தது. இந்த முறை அழகைப் பார்த்து அல்ல.

"நான் பாடினேனே!"

"பாடினே. நல்லாத்தான் பாடினே."

"முழங்கால்ல ஏறிச்சே!"

"ஏறியிருக்கும். இஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போட்டேன். ஆனா உனக்குன்னு தேயிலைக் கொட்டை போடாததா அம்மாகிட்டக் கேட்டு வாங்கினேன்யா. வயித்துக்கு ஆகாதுன்னு. என்ன இருந்தாலும் புருஷன் இல்லியா."

பக்கத்தில் தெமிங் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"உனக்கும் கேட்டுச்சா தெமிங்?" என்றாள் அன்பாக. "நீ தூண்கிட்ட மன்னிப்பு கேட்டியே, அது மன்னிச்சுதா?"

ஷெங்வாங் கரையைப் பார்த்தார். இந்தப் பெண்கள் சும்மா இருக்க மாட்டார்கள். எதற்கும் பாட்டுக் கட்டுவார்கள். கள்ளுக் குடித்து வயலில் விழுந்தவனுக்குப் பாட்டு இல்லை, அப்படி வாரத்துக்கு ஒருவன் விழுகிறான். பெண்டாட்டி தலைக்கு ஊற்றும் கழனித்தண்ணியைக் குடித்துவிட்டுப் போதையில் ஆடினவன்! விதைக்கும்போது பாடுவார்கள். அறுக்கும்போது பாடுவார்கள். பேரன் கல்யாணத்தில் பெண்வீட்டார் எழுந்து நின்று பாடுவார்கள்.

"யாருகிட்டயும் சொல்லிடாதே ஃபெங்மேய். உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் ஏன்யா சொல்றேன்? ஆனா எங்கம்மா தண்ணியைச் சும்மா குடுக்கல. உழவுக்கு ஆள் அனுப்புறேன்னு சொல்லித்தான் வாங்கினேன். நீ கொட்டினதுக்குப் பதில் தண்ணி. அதுக்குப் பதில் நீ." கூந்தலை மூன்று பிரியாகப் பிரித்துக்கொண்டாள். "நீயே எழுந்து கள்ளு குடிச்சேன்னு ஒத்துக்கிட்டா, கதை கள்ளோட முடிஞ்சுடும். இல்லேன்னா நான் ஜாடியிலேர்ந்து ஆரம்பிக்கணும்."

அவள் கொண்டையைச் சுருட்டத் தொடங்கினாள். இறுக்கமாகச் சுருட்டினாள்.

ஷெங்வாங் பாறை மேல் ஏறினார். மலை எதிரொலிக்கக் கத்தினார்.

"அத்தே! நான் சொன்னது பொய்! கள்ளு குடிச்சேன்! தெனமும் குடிச்சேன்! கள்ளுதான் குடிச்சேன்! கள்ளைத் தவிர வேற எதையும் நான் வாயில வைக்கவே இல்ல!"

"நானும் கூட இருந்தேன்!" தெமிங் துள்ளி எழுந்தான். "சுத்தமான கள்ளு! அண்ணனோட நானும் வந்து உழுவுறேன்!"

கரையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மாமியார் மட்டும் அசரவில்லை. நிதானமாகத் தன் கொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தெரியும் மாப்பிள்ளை. உங்க கள்ளு ரொம்ப நல்லா இருந்துச்சு."