தாவீதுக்கு வைத்த தேத்தண்ணி

தன் வீட்டுக்கு ஆவி எதுவும் வரவில்லை என்பதை டிசம்பர் மாதத்தில் தினமும் சாயங்காலம் குடும்பத்தோடு உட்கார்ந்து சோதித்துப் பார்த்து, கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போன மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் பாய்லர்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். மலைமேல் இருக்கும் செண்பகனூரில் அது யாருக்கும் நினைவில்லை. மூன்று லாட்ஜுகளுக்கு விறகு பாய்லரில் வெந்நீர் போடுவது அவர் வேலை. அவர் போட்ட வெந்நீரில் குளித்துவிட்டு ஊர் திரும்பியவர்களைச் சொந்த வீட்டு நாயே அடையாளம் தெரியாமல் குரைத்தது என்பார்கள். புது ஆளைப் பார்த்தால் பெயர், ஊர் எதுவும் கேட்க மாட்டார். மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை. "நீங்க மூணு வாளி ஆளு." அவ்வளவுதான். என்னைப் பார்த்துவிட்டு, "தம்பி அரை வாளிக்கே தாங்க மாட்டீக போலயே," என்றார்.

இது நடந்தது இரண்டாயிரத்துச் சொச்சத்தில். அடுக்கம் பக்கம் செல்போன் டவர் நிறுத்துகிற கம்பெனி ஒன்று என்னை மதுரையிலிருந்து மலையேற்றி அனுப்பியது. ஊருக்கெல்லாம் சிக்னல் கொடுக்க வந்தவனுக்குத் தன் போனில் ஒரு கோடு சிக்னல் கிடையாது என்பது தனிக் கதை. பாய்லர் வீட்டில் தகரக் கூரை போட்ட பக்கத்து அறை எனக்குக் கிடைத்தது. நவம்பர் கடைசியில் கதவைத் தட்டி ஒரு நிபந்தனை சொன்னார்.

"நாளைலருந்து ஆறு மணிக்கு வேதம் வாசிப்போம். வீட்ல இருக்கிற எல்லாரும் வாசிக்கணும். நீங்களும்தான்."

"அண்ணே, நான் மீனாட்சி கோயில் தெருக்காரன். நெத்தியப் பாருங்க."

"விபூதி அது பாட்டுக்கு நெத்தியில இருக்கட்டும். வாய் சும்மாதான கெடக்கு? வாசிங்க."

அவர்கள் வீட்டு வழக்கம் இது. இருபத்து நாலு அதிகாரம் உள்ள ஒரு சுவிசேஷத்தை டிசம்பர் ஒன்றாம் தேதி ஆரம்பித்து, நாளுக்கு ஓர் அதிகாரமாக, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முடிப்பார்கள். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வசனம். முதலில் பாய்லர், அடுத்து அவர் மனைவி ரோஸம்மாக்கா, அப்புறம் பேக்கரியில் வேலை பார்த்த மகள் பிரிஸ்கா. பிரிஸ்காவுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முக்காலி. அதன் மேல் யாரும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு டம்ளரில் ஆவி பறக்கும் தேத்தண்ணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் என்பதால் பாய்லருக்கு டீ கடைசிவரை தேத்தண்ணிதான்.

முதல் நாள். பிரிஸ்கா தன் வசனத்தை முடித்தாள். அடுத்தது நான் என்று, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற வேகத்தில் ஆரம்பித்தேன்.

"தம்பி," என்றார் பாய்லர் மெதுவாக. "அது தாவீது வசனம். உங்களது அதுக்கடுத்தது."

"தாவீது எங்கண்ணே?"

மூன்று பேரும் முக்காலியைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்த மேகம் முக்காலியைச் சுற்றிச் சாவகாசமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு வசனம் வாசிக்கிற நேரம் யாரும் பேசவில்லை. பாய்லரின் விரல் மட்டும் புத்தகத்தின் மேல் எழுத்து எழுத்தாக நகர்ந்தது. வசனம் முடிந்த இடத்தில் விரல் நின்றது. "ம். இப்போ நீங்க."

முக்காலியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே என் வசனத்தை வாசித்தேன்.

ஜெபம் முடிந்ததும் அவர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். தேத்தண்ணி விளிம்பு வரை அப்படியே இருந்தது. "கொறையல. ஸ்தோத்திரம்," என்றார். பெண்கள் இருவரும் மூச்சு விட்டார்கள். அப்புறம்தான் சோறு.

தாவீது அவருடைய தம்பி. தோட்டத்திலிருந்து குடும்பத்தைச் சர்க்கார் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியபோது தாவீதின் பெயர் மட்டும் வேறு பட்டியலில் இருந்ததாம். லாரி வந்து நிற்க, அந்த வருஷ வாசிப்பு பாதியில் நின்றது. "அடுத்த கப்பல்ல வாரேன். என் முறைய அப்படியே வையிங்க" என்றானாம். இரண்டு கடிதம் வந்தது. அப்புறம் அங்கே கலவரம். அதன் பிறகு ஒன்றும் இல்லை.

"அதான் முறை வைக்கிறேன்," என்றார் பாய்லர்.

"ஆனா அந்த டம்ளரை எதுக்குண்ணே பாக்குறீங்க?"

"உசுரோட இருக்கிறவன் இங்க எப்படி வருவான் தம்பி? அவன் அங்கிட்டுல்ல இருப்பான்! செத்துப் போனாத்தான் நேரா வீட்டுக்கு வருவான். வந்தா வாசிக்காம இருக்க மாட்டான், தேத்தண்ணி குடிக்காமலும் இருக்க மாட்டான். ஒரு சத்தமும் கேக்கல, டம்ளரும் கொறையலன்னா, நல்லாருக்கான்னு அர்த்தம்."

"இதெல்லாம் பாஸ்டரய்யா காதுல விழுந்தா நம்மள மொத்தமா சபைய விட்டுத் தள்ளிருவார்," என்றார் ரோஸம்மாக்கா உள்ளேயிருந்து.

"அவர் தம்பி மதுரையில வக்கீலா இருக்கான். அவருக்கு என்ன தெரியும்?"

அன்றிலிருந்து எனக்கு இடது பக்கம் குளிர ஆரம்பித்தது. முக்காலி இருந்தது இடது பக்கம். பகலெல்லாம் அதில் தூங்குகிற பூனை, ஆறு மணி ஆனால் யாரும் விரட்டாமலே இறங்கி அடுப்படிக்குப் போய்விடும். தாவீதின் முறை வரும்போதெல்லாம் நான்கு பேரும் ஒன்றும் கேட்கக் கூடாது என்று உற்றுக் கேட்போம். அப்படிக் கேட்டுப் பாருங்கள், என்னென்ன கேட்கிறது என்று தெரியும். தகரம் முனகும். யூகலிப்டஸ் மரம் பெருமூச்சு விடும். மூன்றாம் நாள் வம்ச வரலாறு. எழுபதுக்கு மேல் பெயர்கள். "அவனுக்குப் பேரு வந்தா தடுக்கும், நேரம் குடுக்கணும்," என்று பாய்லர் விரலை நத்தை மாதிரி நகர்த்தினார். அந்த மௌனத்தில் என் இடது காதருகே யாரோ தடுமாறித் தடுமாறி மூச்சு விடுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்புறம் பார்த்தால், அது என் மூச்சு.

ஒன்பதாம் நாள் எல்லோருக்குமே கேட்டது. தாவீதின் வசனம் பாதியில் இருந்தபோது ஜன்னலுக்கு வெளியே, மிகப் பக்கத்தில், கனமாக ஒரு மூச்சு. "ஹ்ஹ்ஹூம்."

பாய்லர் முகம் சாம்பலாகிவிட்டது. எழுந்தார். ஜன்னல் கொக்கியைப் பிடித்தார். "ஏலே... தாவீது?" என்று கேட்டார். இன்னொரு மூச்சு. ஜன்னலைத் திறந்தார்.

வெளியே மேகத்துக்குள் ஒரு காட்டுமாடு, லாரி சைஸில், ரோஸம்மாக்காவின் சவுசவுக் கொடியைப் பந்தலோடு தின்றுகொண்டிருந்தது.

"மாடு! மாடுதான் ரோஸு! ஸ்தோத்திரம்!" என்று பாய்லர் குதித்தார்.

"என் கொடி!" என்றார் அக்கா.

"திங்கட்டும்! நல்லா திங்கட்டும்!"

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த காரியத்தை நான் கெடுத்தேன். பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. டவர் வேலையில் மழையில் நனைந்து, பல் தந்தியடிக்க வந்து சேர்ந்தேன். அடுப்படியில் தேத்தண்ணி தீர்ந்திருந்தது. வாசிப்பு முடிந்து ஜெபம் ஆரம்பித்தது. பாய்லரின் ஜெபம் என்பது டவுன் பஸ் மாதிரி, எல்லா இடத்திலும் நிற்கும். லாட்ஜ் பைப்புகள், ஜனாதிபதி, பாஸ்டரய்யாவின் முழங்கால், எல்லாருக்கும் தனித்தனியாக விண்ணப்பம் உண்டு. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். என் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு டம்ளர், இன்னும் லேசாக ஆவி பறந்துகொண்டிருந்தது.

ஒரு மடக்கு என்றுதான் எடுத்தேன். உள்ளே போனதும் தொண்டை கமறியது. இருமினால் மாட்டிக்கொள்வேன். இருமலை அமுக்க இன்னொரு மடக்கு, அதை அமுக்க இன்னொன்று. கடைசியில் மிஞ்சிய இருமலை "ஆமென்" என்று மாற்றினேன். டம்ளர் காலி.

பாய்லர் கண்ணைத் திறந்தார். டம்ளரை எடுத்தார். கவிழ்த்தார். ஒரு சொட்டு விழுந்தது.

அவர் அழவில்லை. முக்காலியைப் பார்த்து, "வந்துட்டியாலே," என்றார். மிகவும் மெதுவாக, வாசலில் நிற்கிறவரைக் கேட்கிற மாதிரி. அந்தக் குரலைக் கேட்டதும், குடித்தவன் நான்தான் என்று தெரிந்தும், சத்தியமாகச் சொல்கிறேன், நானும் முக்காலியைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் கோழை. டவரில் ஏறத்தான் தைரியம் உண்டு, இறங்கினால் கிடையாது.

மறுநாள் செண்பகனூரில் வெந்நீர் இல்லை. மூன்று லாட்ஜிலும் துண்டு கட்டிய மனிதர்கள் வராந்தாவில் நின்று கத்தினார்கள். புதுசாகக் கல்யாணமான ஒருவர் பச்சைத் தண்ணியில் குளித்துவிட்டு, தன் பெயரையே மறந்து ரிசப்ஷனில் வந்து விசாரித்ததாகக் கேள்வி. பாய்லர் அணைந்த அடுப்புக்கு முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார். வீட்டில் வாசிப்பும் நின்றது. முக்காலியைக் கொண்டுபோய் விறகுக் கொட்டகையில் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு வெள்ளைத்தாளோடு என் அறைக்கு வந்தார்.

"தம்பி, உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். கோயில்ல குடுக்க ஒரு சீட்டு எழுதணும். நாளைக்கு ஆராதனையில வாசிப்பாங்க."

"என்ன எழுதணும்ணே?"

"காலஞ்சென்ற தாவீதின் நினைவாகப் பீடத்துக்குப் பூ. அம்புட்டுத்தான்."

'காலஞ்சென்ற' என்று எழுதிவிட்டேன். 'தா' என்று எழுதினேன். பேனா நின்றது.

"அண்ணே, அந்தத் தேத்தண்ணியக் குடிச்சது நான்தான்."

என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நீங்களுமா? ரோஸு நான்தான் குடிச்சேன்னா. பிரிஸ்கா நான்தான்னா. ஒரு டம்ளரை எத்தனை பேர்தான் குடிப்பீக? என்னையத் தேத்துறதுக்குன்னு பொய் சொல்லக் கூடாது தம்பி. எழுதுங்க."

"சத்தியமாண்ணே! நீங்க ஜனாதிபதிக்கு ஜெபம் பண்ணயில எடுத்தேன், பாஸ்டரய்யா முட்டி வரும்போது முடிச்சிட்டேன்!"

"எழுதுங்க தம்பி."

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "அது குடிக்கிற மாதிரியாண்ணே இருந்துச்சு? தொண்டையெல்லாம் எரிஞ்சு போச்சு! தேத்தண்ணியில எவனாச்சும் மிளகை அள்ளிப் போடுவானா?"

பாய்லர் அசையாமல் நின்றார். "என்ன போட்டிருந்துச்சு?"

"மிளகு!"

"ரோஸுக்கே தெரியாதே..." என்றார். "அவனுக்கு இளைப்பு, மூச்சு வாங்கும். எங்கம்மா அவன் டம்ளர்ல மட்டும் மிளகு தட்டிப் போடும். ஆடலூர் மிளகு வாங்கி, யாருக்கும் தெரியாம திரும்பி நின்னு நான்தான் போடுவேன்."

சொல்லிவிட்டு என் கன்னத்தில் ஓர் அறை விட்டார். மூன்று வாளி அறை. அடுத்த நொடி என்னைக் கட்டிப் பிடித்தார். விறகுப் புகை வாசனை. அப்புறம் வாசலுக்கு ஓடினார்.

"ரோஸு! அவன் இருக்கான்! இந்தத் திருட்டுப்பய குடிச்சிட்டான் ரோஸு! அவன் இருக்கான்!"

டம்ளரைக் காலி செய்தது நான் என்பதால் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் உயிரோடிருக்கிறார் என்று ஆகிவிடாது. எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அன்று மத்தியானமே மூன்று லாட்ஜின் புகைபோக்கியிலும் புகை வந்தது.

சாயங்காலம் முக்காலியைத் திரும்பக் கொண்டுவந்து போட்டு, பாக்கி அதிகாரத்தையும் சேர்த்து இரண்டாக வாசித்தோம். தாவீதின் முறை வந்தது. வெளியே மேகம் ஜன்னலை மூடியிருந்தது. பாய்லரின் விரல் வசனத்தின் மேல் ஊர்ந்தது. அதுவரை பயத்தில் கேட்டுக்கொண்டிருந்த நான், முதல் தடவையாக, முகம் தெரியாத அந்த மனிதருக்காகக் கேட்டேன். ஒன்றும் கேட்டுவிடக் கூடாது, ஒன்றும் கேட்டுவிடக் கூடாது என்று.

விரல் நின்றது. பாய்லர் என் பக்கம் சாய்ந்தார். "ஒண்ணும் கேக்கலையே தம்பி?"

"ஒண்ணுமே கேக்கலண்ணே."

"அப்போ நல்லாருக்கான்."

அடுத்த மார்ச்சில் கம்பெனி என்னை மலையிறக்கிவிட்டது. அவர் வீட்டில் போன் கிடையாது. என் டவர் வேலை செய்ததா என்று கூடத் தெரியாது. இப்போதெல்லாம் டிசம்பரில் சாயங்காலம் ஆறு மணிக்கு, மதுரையில், வீட்டில் டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்காருகிறேன். மனைவி முறைக்கிறாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறேன்.

ஒன்றும் கேட்பதில்லை. பாய்லர் நல்லாருக்கார்.