மூணு பக்கக் கடுதாசி

வக்கீல் தேவானந்தனைக் கோர்ட்டுப் படி ஏத்தாம ஓய மாட்டேன்னு ரூபேந்திரன் சபதம் போட்டான். மாசாய் டவுன்ல இருக்குற தன் வீட்டு ஹால்ல, கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு.

விசயம் இதுதான். பாசிர் கூடாங்குக்கு வேலைக்குப் போற வழியில ஒரு லோரி இவன் மோட்டார் சைக்கிளைத் தட்டிருச்சு. கால் ஒடிஞ்சு எட்டு மாசம் கட்டு. நஷ்டஈட்டுக் கேஸைத் தேவானந்தன்கிட்டக் குடுத்தான். விசாரணை அன்னிக்கு வக்கீலையே காணோம்! காலங்காத்தால சிங்கப்பூர்ல ஒரு கையெழுத்து வாங்கிட்டு ஓடி வந்துடலாம்னு போனவரு, போறப்பவே எல்லைப் பாலத்து வண்டி ஜேம்ல சிக்கிட்டாரு. கேஸைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க.

கேஸ் போச்சேன்னு ரூபேந்திரனுக்குத் துளி வருத்தம் இல்ல. உள்ளுக்குள்ள தீபாவளி! ஏன்னா ஒரு வருசமா பொண்டாட்டி பிரேமலா வாயில ஒரே பாட்டு. "வக்கீல் சார் எவ்ளோ பதமா பேசுறாரு! அவரு சட்டையில ஒரு சுருக்கம் உண்டா?" வக்கீல் ஆபீசுக்குன்னா பட்டுச்சேலை. இவனுக்கு நைட்டி தரிசனம்தான்.

"இப்பப் பேசு, உன் வக்கீல் சாரைப் பத்தி!"

"என்னத்தப் பேச? தப்பு தப்புதான். அவருகிட்டயே நஷ்டஈடு கேளுங்க."

"நெசமாவா லா?"

"நானே எழுதுறேன். உங்க இங்கிலீசைப் படிச்சா அவரு நம்மகிட்ட நஷ்டஈடு கேப்பாரு."

எழுதினா. ஒரு பக்கம் முடிஞ்சுது. ரெண்டு பக்கம் முடிஞ்சுது. மூணாவது தாளை எடுத்தப்ப இவனுக்கு வயிறு பத்திக்கிச்சு.

"திட்டுறதுக்கு ஒரு பக்கம் பத்தாதா?"

"நமக்கு என்னென்ன நஷ்டம்னு விவரமா எழுதணும்ங்க."

"கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு பக்கத்துக்கு மேல எழுதியிருக்கியா நீ?"

"உங்களைப் பத்தி எழுத அப்ப அவ்ளோதான் இருந்துச்சு."

வேற ஆம்பளைக்கு அவ எழுதினதை நான் ஏன் படிக்கணும்? அந்த ரோசத்துல படிக்காமலே கையெழுத்துப் போட்டான். எல்லாம் உண்மைன்னு, பிரமாணம் வாங்குற அதிகாரி முன்னாடி சத்தியமும் பண்ணிட்டான்.

வக்கீலோட தொழில் இன்சூரன்ஸ் கம்பெனி மறுபேச்சு இல்லாம ஒத்துக்கிச்சு. செக்கை எடுத்துக்கிட்டு வக்கீலே வீட்டுக்கு வந்தாரு, சம்சாரம் ஷாந்தினியோட. மன்னிப்புக் கேக்கட்டும்னு ரூபேந்திரன் நெஞ்சை நிமித்தி உக்காந்திருந்தான்.

"மிஸ்டர் ரூபேந்திரன், உங்க லெட்டரால என் வீட்டு நிம்மதியே போச்சு," ன்னாரு வக்கீல்.

"நானும் படிச்சேன் அண்ணா!" ஷாந்தினி கண்ணு விரிஞ்சுச்சு. "கால் ஒடியுறதுக்கு முன்னாடி மூணு வேளை சமையல், துணி, அயர்ன், பாத்ரூம் கழுவுறது எல்லாமே நீங்கதானாமே! நீங்க படுத்த எட்டு மாசமும் அக்கா பாவம்! எங்க வீட்டு இவருக்கு முட்டை பொரிக்கக்கூடத் தெரியாது."

அலமாக்! இது என்னடா கதை! அண்டப் புளுகுன்னு சொல்ல ரூபேந்திரன் வாயைத் தெறந்தான். அப்பதான் வக்கீல் மூஞ்சியைப் பாத்தான். பொறாமையில வத்தல் போட்ட பாகக்காயாட்டம் சுருங்கிக் கெடந்துச்சு. ஆகா! ஒரு வருசமா இவன் கண்ணாடியில பாத்த மூஞ்சியில்லையா அது!

தெறந்த வாய் தானா திரும்பிக்கிச்சு.

"அதெல்லாம் சாதாரணம் லா. என் மீன் குழம்பு இல்லாம இவளுக்குச் சோறே எறங்காது."

"கால் இப்ப எப்படி?" ன்னாரு வக்கீல், சுரத்தே இல்லாம.

எந்திரிச்சு ரெண்டு குதி குதிச்சுக் காட்டினான். "கல்லு மாதிரி இருக்கு!"

"பாத்துக்குங்க," ன்னு ஷாந்தினி புருசனை ஒரு இடி இடிச்சா.

பிரேமலா சோபாவுல காலை நீட்டி உக்காந்தா.

"ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும். ஏங்க, மீன் வாங்கி வெச்சிருக்கேன். வக்கீல் சாரையும் கூட்டிட்டுப் போங்க, பாத்துக் கத்துக்கட்டும்."

சத்தியம் பண்ணின வாய். இப்பப் பொய்யின்னு சொன்னா செக்கு போயிரும். அடுப்படிக்குப் போனான். வக்கீல் பின்னாலயே வந்து, கதவைச் சாத்திட்டுக் காதுல கேட்டாரு:

"அண்ணே, இந்த அடுப்பை எப்படிப் பத்த வைக்கிறது?"

"அதை உங்ககிட்டக் கேக்கலாம்னுதான் இருந்தேன் சார்."