சிறுத்தையா, கிழங்கா?

ஒரு காட்டில், நம்ம பக்கத்துக் காடு இல்லை, மேற்கு ஆப்பிரிக்காவில், பேசும் மேளம் ஒன்று இருந்தது. பார்க்க நம் உடுக்கைக்குப் பெரியண்ணன். அக்குளில் இடுக்கிக் கயிற்றை அமுக்கித் தட்டினால் குரல் ஏறும், இறங்கும், அப்படியே பேச்சுதான். கல்யாணம், கருமாதி, காணாமல் போன கோழிக்குஞ்சு எல்லாவற்றுக்கும் அந்த மேளம்தான். செல்போன் வந்தும் என்ன, டவர் கிடைத்தால்தானே!

கொட்டுகிறவர் அயாந்தெலே என்கிற ஆடு. மேளத்தின் தோலும் ஆட்டுத்தோல்தான். "யாருப்பா அது?" என்று கேட்டால், "தூரத்துச் சொந்தம்" என்று பேச்சை மாற்றிவிடுவார்.

ஒருநாள் காலை புதருக்குள் சிறுத்தையைப் பார்த்துவிட்டார். மேளத்தை எடுத்தார். அங்கேதான் சிக்கல். "சிறுத்தை வந்தாச்சு, ஓடுங்க" என்பதும் "கிழங்கு வெந்தாச்சு, வாங்க" என்பதும் மேளத்தில் ஒரே சத்தம். அதனால் சிறுத்தை என்றால் முதலில் அதன் பட்டங்களை முழுசாகக் கொட்டியாக வேண்டும்.

கொட்டினார். "புள்ளிச்சட்டைப் பெருமானே! பாய்ந்தால் குறி தவறாத பரம்பரையே!" பாதிகூட முடியவில்லை, சிறுத்தை எதிரில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"அடடா! எங்க வீட்டுல ஒருத்தர்கூட இப்படிச் சொன்னதில்லய்யா. மேல தட்டு."

ஐயோ, பட்டம் தீர்ந்தால் நம்ம கதையும் தீர்ந்ததே என்று அயாந்தெலே விடாமல் தட்டினார். கையிருப்பு தீர்ந்ததும் யானையின் பட்டங்களையும் சேர்த்து அடித்தார். தூரத்தில் கேட்ட ஊர், யாருக்கோ பாராட்டு விழா என்று முடிவு கட்டியது.

"முடிஞ்சுதா? பசிக்குது." சிறுத்தை அவரை மேலும் கீழும் பார்த்தது.

"விழான்னா சாப்பாடு இல்லாமலாங்கய்யா? ஒரு நிமிஷம்." பட்டம் கிட்டம் எதுவும் இல்லாமல், சிறுத்தைக்கும் கிழங்குக்கும் பொதுவான அந்த ஒரு வாக்கியத்தை மொட்டையாகக் கொட்டினார்.

ஊரே தட்டோடு ஓடி வந்தது. எல்லோரையும் இடித்துத் தள்ளி வரிசையில் முதலில் நின்றது காட்டுப்பன்றி. "கிழங்கு எங்கே?" என்றது. அத்தோடு சரி.

மறுநாள் பஞ்சாயத்து. "அடப்பாவி, கிழங்குன்னு கூப்பிட்டுக் கொன்னுட்டியே!" என்று பன்றியின் பெண்டாட்டி மண்ணை வாரித் தூற்றினாள்.

அயாந்தெலே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தாயி, சிறுத்தை வந்தாச்சு, ஓடுங்கன்னுதான் நான் கதறினேன். தட்டைத் தூக்கிட்டு வந்தது யாரு?"

ஊர் அவரையே தலைவராக்கி மாலை போட்டது.

நீதி: எதையும் இரண்டு அர்த்தம் வரும்படி சொல். ஒன்று ஊருக்கு, இன்னொன்று விசாரணைக்கு.