ரேடியோ அண்ணன் பார்த்த கடல்

கடற்கரைக்கு ஒரு நாள்கூடப் போகாமல் தினமும் கடலைப் பார்த்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் ஊர்க்காரர். தேங்காய் வெட்டுவது தொழில். பெயர் என்று ஒன்று ரேஷன் கார்டில் கிடந்தது. அதை யாரும் எடுத்து உபயோகித்ததில்லை. உதியன்குளங்கரையிலிருந்து பாறசாலை வரைக்கும் அவர் 'ரேடியோ அண்ணன்'தான்.

மக்களே, போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து உங்கள் இரண்டு பேரையும் கடலுக்குக் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்ததும், "கடலில் என்ன பார்த்தீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லப்பா, கொறே வெள்ளம்" என்று, ஏதோ நிறையத் தண்ணீர் கிடந்தது போலச் சொல்லிவிட்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ரேடியோ அண்ணன் ஞாபகமாகவே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். எனக்கு எட்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

தொண்ணூறுகளில் நான் எங்கள் முக்கில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். முக்குக்குப் பின்னால் ஒரு செம்மண் மேடு. அதன் உச்சியில் எழுபதடி உயரத்துக்கு ஒற்றைத் தென்னை. ரேடியோ அண்ணன் தினமும் காலையில் முதலில் ஏறுவது அந்த மரத்தில்தான். ஏறுவதற்கு முன்னால் ஒரு சத்தம் கொடுப்பார்.

"மரத்துல ஆளுண்டே!"

இது எல்லா மரமேறிகளும் போடுகிற சத்தம்தான். அக்கம்பக்கத்துக் கிணற்றடியில் குளிக்கிறவர்கள் உள்ளே போய்விட வேண்டும் என்பதற்காக. ஆனால் எங்கள் அண்ணன் உச்சிக்குப் போனதும் இரண்டாவதாக ஒரு சத்தம் கொடுப்பார். அதுதான் அவருக்கு அந்தப் பெயரை வாங்கிக்கொடுத்தது.

"கடலு சாந்தம்! தெக்கன் காத்து! ஒரு கப்பல் புகை விட்டுட்டு நிக்குது!"

கீழே சாயாக்கடையில் இருப்பவர்கள் தலையை ஆட்டிக்கொள்வார்கள். கடல் அங்கிருந்து எட்டொன்பது கிலோமீட்டர். எழுபதடி மேலே போனால் தெரியத்தானே செய்யும்? கடலைப் பார்த்தவர் யாரும் அந்த மரத்தில் ஏறியதில்லை. அந்த மரத்தில் ஏறியவர் கடற்கரைக்குப் போனதில்லை. பிறகு யார் சந்தேகப்படுவது?

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கப்பல் வராது. ஏன் என்று கேட்டால், "கப்பல்காரன் கிறிஸ்தியானி ஆக்கும். ஞாயிறாழ்ச்சை பள்ளிக்குப் போவண்டாமா?" என்பார். ஒரு மழைக்காலத்தில் இரண்டு வாரம் சேர்ந்தாற்போல் ஒரு கப்பல்கூட இல்லை. "கப்பல்காரனுக்கும் சமரம் ஆக்கும்" என்றார். கேரளத்தில் வேலைநிறுத்தம் என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

இவ்வளவு கடல் பைத்தியம் பிடித்தவர் பஸ் ஏறிப் போய் அதைப் பக்கத்தில் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். சின்ன வயதிலேயே ஜோசியர் ஒருவர் அவருக்கு வெள்ளத்தில் கண்டம் என்று சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் தண்ணீருக்குத்தான் வெள்ளம் என்று பேர். அன்று முதல் அண்ணன் குளத்தில் கால் வைத்ததில்லை. வாளித் தண்ணீரையும் ஒரு கை தூரம் தள்ளி வைத்து மொண்டு குளிப்பார். நெய்யாற்றுப் பாலத்தில் பஸ் ஏறினால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "கழிஞ்சா? பாலம் கழிஞ்சா?" என்று பக்கத்து சீட்காரரைப் பிடுங்கி எடுப்பார். கடலுக்குப் போகிற தெற்கு ரோட்டில் அரை கிலோமீட்டருக்கு அப்பால் அவர் கால் பட்டதே இல்லை.

அவருடைய ரேடியோவை முழுசாக நம்பியவள் மீன்காரி திரேசம்மா. கடற்கரையிலிருந்து தினமும் காலையில் அலுமினியச் சருவத்தில் சாளையும் அயிலையும் சுமந்துகொண்டு வருவாள். மரத்தடியில் நின்று மேலே பார்த்துக் கேட்பாள்.

"அண்ணே, இண்ணைக்கு நமக்க கடலு எப்படி?"

"கடக்கரையில இருந்து வாற நீ எங்கிட்ட கேக்கியா பிள்ளே?"

"நான் கண்டது விடியும் முன்ன உள்ள கடலு. இப்பம் உள்ள கடலு அண்ணனுக்குத்தானே தெரியும்?"

அவள் புருஷன் செபஸ்தியான் வள்ளத்தில் மீன்பிடிக்கக் கடலுக்குள் போயிருப்பான். அண்ணன் "சாந்தம்" என்று சொன்னால்தான் அவளுக்கு அடுத்த வீட்டுக்கு நடக்கக் கால் வரும். அண்ணன் சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. வெயில் என்றால் கடல் மின்னுகிறது என்பார். வானம் மூடமாக இருந்தால் கறுத்துக் கிடக்கிறது என்பார். புகை சாய்வதைப் பார்த்துக் காற்றையும் சொல்லிவிடுவார்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஐப்பசி மழை பெய்கிற துலா மாதத்தில் ஒரு காலையில் அந்தக் காற்று வந்தது.

ஒன்பது மணி இருக்கும். வானம் சட்டிக்கரி மாதிரி ஆனது. சாயாக்கடை ஓலை பிய்த்துக்கொண்டு போனது. வாழைகள் ஒரே வரிசையாகத் தரையில் படுத்தன. பஸ் நின்றுவிட்டது. திரேசம்மா பாதி மீனோடு முக்குக்கு ஓடி வந்தாள்.

"எனக்க மாப்பிள கடலுக்குள்ள நிக்காரு. சின்ன வள்ளம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மேட்டின் உச்சியில் இருந்த தென்னையைப் பார்த்தாள். மரம் வில் மாதிரி வளைந்து நிமிர்ந்துகொண்டிருந்தது.

ரேடியோ அண்ணன் தளைநாரை எடுத்துக் காலில் மாட்டினார். சாயாக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்தார்.

"எலே, ஒனக்கு வெள்ளத்திலதான் கண்டம், காத்துல இல்லெண்ணு நெனச்சியா?"

அண்ணன் கையை உதறிவிட்டு மேட்டுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். அந்தப் பேய்க்காற்றிலும் அவர் வழக்கத்தை விடவில்லை. "மரத்துல ஆளுண்டே!" என்று சத்தம் கொடுத்துவிட்டுத்தான் ஏறினார். அந்த நேரத்தில் எந்த மகராசி கிணற்றடியில் குளித்துக்கொண்டிருப்பாள்?

பாதி மரத்தில் ஒரு காற்று அடித்தது. அவருடைய வேட்டி அவிழ்ந்து பறந்து போனது. நிக்கரோடு மரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்தார். யாரும் சிரிக்கவில்லை. பிறகு மறுபடியும் ஏறினார். உச்சிக்குப் போய் ஒரு மட்டையைப் பிடித்துக்கொண்டு தென்மேற்கே திரும்பினார்.

செய்தி வரவில்லை.

"அண்ணே! வள்ளம் காணுதா?" என்று திரேசம்மா கத்தினாள்.

மேலிருந்து "அய்யோ!" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

மனிதர் இறங்கவில்லை, வழுக்கி வந்து விழுந்தார் என்றே சொல்ல வேண்டும். நெஞ்சு முழுக்க ரத்தக் கீறல். திரேசம்மாவின் முகத்தைப் பார்க்காமல் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

"மக்கா, கடலு போச்சு."

"போச்சுண்ணா?"

"கிழிஞ்சு பறக்குது மக்கா. பாளம் பாளமா எளகி ஆகாசத்துல போவுது. எனக்க ரெண்டு கண்ணாலயும் கண்டேன்."

"வள்ளம் உண்டா அண்ணே?"

"கடலே இல்லெ, வள்ளம் எங்க எலே நிக்கும்?"

நாங்கள் பேசியது திரேசம்மாவின் காதில் விழுந்திருக்காது. ஆனால் எங்கள் முகம் தெரிந்துவிட்டது. அவள் அழவில்லை. முக்குக்கு இறங்கி, சருவத்தைச் சாயாக்கடைப் படியில் வைத்துவிட்டுத் தெற்கு ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய் ஆட்டோவைக் கிளப்பி அவளை ஏற்றினேன். திரும்பிப் பார்த்தால், பின் சீட்டில் அவள் பக்கத்தில் வெட்டுகத்தியும் நிக்கருமாக ரேடியோ அண்ணன்!

"அண்ணே, இது கடலுக்காக்கும் போவுது. ஒமக்கு வெள்ளம்..."

"நீ ஓட்டு."

ரோடு முழுக்க மரக்கிளை. அண்ணன் குதித்து இறங்கி வெட்டித் தள்ளுவார், ஏறுவார், மறுபடி குதிப்பார். திரேசம்மா ஜெபமாலையைப் பிடித்தபடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வளைவில் வண்டியை நிறுத்த வேண்டி வந்தது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய தகரம் கிடந்தது. அண்ணன் அதை இழுத்துப் போடப் போனார். அந்தப் பக்கம் இன்னொன்று. பக்கத்து மரச்சீனிக்கிழங்குத் தோட்டத்தில் நாலைந்து. ஒன்று தென்னையில் தொங்கியது.

அது அண்டியாபீஸ். முந்திரி உடைக்கிற கம்பெனி. மதில் விழுந்து கிடந்தது. உள்ளே நீளமான கொட்டகை கூரையே இல்லாமல் நின்றது. வேலைக்காரப் பெண்கள் ரோட்டோரம் நடுங்கிக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் அடிபடவில்லை. கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு புகைக்குழாய், கறுப்புப் புகையைச் சாய்த்து விட்டுக்கொண்டிருந்தது.

அண்ணன் புகைக்குழாயைப் பார்த்தார். கையிலிருந்த தகரத்தைப் பார்த்தார். திரும்பி வந்த திசையைப் பார்த்தார். தூரத்தில் எங்கள் ஒற்றைத் தென்னை நேர்கோட்டில் ஆடிக்கொண்டிருந்தது. காவல்காரரிடம் போனார்.

"ஓய், ஞாயிறாழ்ச்சை இங்க புகை உண்டா?"

"ஞாயிறாழ்ச்சை லீவுல்லா?"

"ரெண்டு வருசம் முன்ன, மழையில, ரெண்டு ஆழ்ச்சை புகை இல்லாம இருந்ததா?"

"சமரம். ஒமக்கு எப்படித் தெரியும்?"

இருபது வருஷக் கடல் கையில் தகரமாக இருக்கிறது. ஆள் இப்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் தகரத்தை வீசிவிட்டு ஆட்டோவைப் பார்த்து ஓடி வந்தார். சிரிக்கிறார், கண்ணீர் வழிகிறது.

"பிள்ளே திரேசம்மா! நான் கண்டது கடலு இல்லெ! அண்டியாபீசுக்க தகரமாக்கும் பறந்தது! நான் கடலைக் கண்டதே இல்லெ பிள்ளே! ஒரு நாளும் கண்டதில்லெ! எனக்கு ஒண்ணும் தெரியாது!"

தன் பெருமை முழுசும் போனதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனிதரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

"அப்பம் கடலு?" என்றாள் திரேசம்மா.

"கடலு கடல் இருக்குத எடத்துல இருக்கும்! எலே, வண்டிய எடு!"

கடற்கரையில் ஊரே கூடியிருந்தது. மற்ற வள்ளங்கள் கரையேறிவிட்டன. இரண்டு மட்டும் வரவில்லை. அதில் ஒன்று செபஸ்தியானுடையது. அலை பனை உயரத்துக்கு எழும்பி விழுந்தது. அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று மணலில் நிற்கும் யாருக்கும் தெரியவில்லை. ஆண்கள் கயிற்றை வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றார்கள்.

ரேடியோ அண்ணன் ஆட்டோவிலிருந்து இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு, கடைசித் தென்னையைக் கட்டிப்பிடித்து நின்றார். திரேசம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று புருஷன் பேரைச் சொல்லி அலறினாள். அந்தச் சத்தத்தில் அண்ணன் கண்ணைத் திறந்தார். தன் வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்தார்.

வாயைத் திறந்தது திறந்தபடி இருந்தது. பிறகு தளைநாரை மாட்டினார்.

"மரத்துல ஆளுண்டே!"

உச்சிக்குப் போனதும் இரண்டாவது சத்தம் வந்தது.

"வள்ளம்! ஒண்ணு கண்டேன்! பின்னால இன்னொண்ணு! ரெண்டும் உண்டு!"

"எங்கோட்டு அண்ணே?"

"மேக்கே! பொழிமுகத்துக்கு அடிச்சுக் கொண்டுபோவுது! அங்க ஓடுங்க! கயிறு கொண்டு ஓடுங்க!"

ஆண்கள் மேற்கே ஓடினார்கள். ஆறு கடலில் சேருகிற அந்தப் பொழிமுகத்து மணலில் வள்ளங்கள் மோதியபோது கயிறு அங்கே தயாராக இருந்தது. செபஸ்தியானை இழுத்துக் கரையில் போட்டதும் திரேசம்மா அவன் முதுகில் நாலு சாத்துச் சாத்தினாள். "எங்க போய்க் கெடந்தீரு?" என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் அழுதாள்.

எல்லோரும் திரும்பி வந்தோம். அண்ணன் இன்னும் மரத்திலேயே இருந்தார்.

"அண்ணே, எறங்கும். எல்லாரும் வந்தாச்சு."

"நீ போ மக்கா. இருவது வருசமா காணாதது ஆக்கும். கொஞ்சம் கண்டுட்டு வாறேன்."

பிறகு அண்டியாபீசுக்குப் புதுத் தகரம் போட்டார்கள். அண்ணன் பழையபடி மேட்டுத் தென்னையில் ஏறினார். முக்கில் சிலர் கேலி செய்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. திரேசம்மாவும் பழையபடி சருவத்தோடு வந்து நின்று மேலே பார்த்துக் கேட்பாள்.

"அண்ணே, இண்ணைக்கு நமக்க கடலு எப்படி?"

"கடலு இங்கேருந்து காணாது பிள்ளே. தகரம் சாந்தம்!"

"அது மதி அண்ணே, அது போதும்" என்று சொல்லிவிட்டு அவள் நடப்பாள்.

அந்தச் சத்தத்தைக் கேட்காமல் நான் ஒரு நாளும் முதல் சவாரிக்கு வண்டியை எடுத்ததில்லை, மக்களே.