பேட்டை கோல்ஃப் கிளப்பின் ஒன்பது குழிகள்

"ஓய், செக்ரட்டரியா இருந்துண்டு குழி எங்க இருக்குன்னு தெரியாதுங்கறீரே, வெக்கமா இல்ல?"

"நீரு மட்டும் என்னவே? மெம்பராகி முப்பது வருசமாச்சு. சீட்டுக்கட்டைத் தவிர வேற எதையாவது தொட்டிருக்கீரா?"

கோபாலசுப்பிரமணியன் கேட்டதும் நியாயம், சிவசைலம் திருப்பிக் கேட்டதும் நியாயம். வெள்ளைக்காரன் போட்ட பேட்டை கோல்ஃப் கிளப்பில் இப்போது கோல்ஃப் ஆடத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மைதானம் சும்மா கிடக்கிறது, நாளைக்கு வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறோம் என்று அரசு அதிகாரி ஒருவர் போனில் சொல்லிவிட்டார்.

"சும்மா கெடக்கா? புல்லு மொளைக்காத கரிசல்ல, மணலைப் பரப்பி எண்ணெயத் தெளிச்சு கோல்ஃப் ஆடலாம்னு தெக்குச் சீமைக்கே காட்டிக் குடுத்த கிளப்புவே இது! நாளைக்கு அவன் கண்ணு முன்னால ஆடிக் காட்டுதேன். ஏலே இசக்கிதுரை, எடுலே மம்பட்டிய!"

காவல்காரர் இசக்கிதுரை டம்ளர் அகலத்தில் ஒன்பது குழி வெட்டினார். சிவசைலம் அடித்த பந்து எல்லாக் குழியையும் சுற்றி வந்ததே தவிர, ஒன்றிலும் விழவில்லை.

"குழியப் பெருசாக்குலே!"

அண்டா அகலமானதும் பந்து விழுந்தது. விழுந்த வேகத்தில், பாறையாய்க் கிடந்த அடிமண்ணில் முட்டி வெளியே குதித்தது.

"முழங்கால் ஆழம் தோண்டச் சொல்லும். அடியில மெத்துனு எதையாவது போடணும்," என்றார் கோபாலசுப்பிரமணியன். ஓய்வுபெற்ற வேதியியல் வாத்தியார். சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மெத்தென்று அக்கம்பக்கத்தில் கிடைத்தது மாட்டுச்சாண எரு மட்டும்தான். பந்து விழுந்ததும் எருத்தூள் பறந்து சிவசைலத்தின் கண்ணை நிறைத்தது.

"தண்ணிய ஊத்துலே!"

மறுநாள் காலை ஜீப் வந்தது. அதிகாரி இறங்கியதுதான் தாமதம், சிவசைலம் மட்டையை ஓங்கி ஒரு போடு போட்டார். பந்து நேராகப் போய்க் குழிக்குள் விழுந்தது!

"பாத்தீரா? சும்மாவா கெடக்கு?"

அதிகாரி ஒவ்வொரு குழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். பின்னால் வந்து நின்ற லாரியிலிருந்து டிரைவர் தலையை நீட்டினார்.

"அய்யா, குறுங்காடு வைக்கக் குழி வெட்டவே ஒரு வாரம் ஆவும்னீயளே? இவுகளே வெட்டி, எருவும் போட்டு, தண்ணியும் விட்டு வச்சிருக்காவ. மரக்கன்னை எறக்கிரட்டுமா?"

சிவசைலம் மட்டையோடு முதல் குழிக்குள் குதித்தார்.

"மொதல்ல என்னைய நடும் பாப்போம்!"

இன்னும் அங்கேதான் நிற்கிறார். அவர் ஏறி வரலாமா, கூடாதா? வாசித்தவர்கள் கட்டாயம் பதில் எழுதுங்கள்.