சுபின் சக்கரத்தின் மேல் படையெடுத்த படலம்

வாழி, பிறமொழி மண்ணாம் தாபோடி ஈன்ற தவப்புதல்வா! சுட்டெலி ஏந்திய செங்கையா! நாற்காலி நீங்காத நற்றாளா! செல்பேசித் திரையில் பக்கம் திறக்கத் தாமதமாகுங்கால் 'பொறு, பொறு' என்று சுழன்று காட்டும் நகக்கண்ணளவுப் படம் ஒன்றுக்காக ஒன்பது இரவு உறக்கம் துறந்தவனே, சுபினே, உன் புகழ் பாடப் புகுந்தோம். களிமண்ணே, காப்பு நீயே. பாடுகிறவன் வாயில் மட்டும் விழாதிரு.

போர் மூண்ட வரலாறு கேளும். கோந்த்வாவில் மட்பாண்டம் வனையக் கற்றுத்தரும் கூடம் ஒன்று, தன் வகுப்புகளுக்குச் செல்பேசியிலேயே இடம் பிடிக்க ஒரு செயலி வேண்டுமென்று சுபினின் வடிவமைப்பு அலுவலகத்தைக் கேட்டது. பக்கம் திறக்கும்வரை சுழலும் படமாகக் குயவர் சக்கரத்தை வரைந்த சுபின், அதை இடஞ்சுழியாகச் சுழலவிட்டான். அடுத்த மேசைக்கு அதிபதியும் கருங்காப்பிக்குக் காவலனுமாகிய ஷ்ரேயஸ் அதைக் கண்டான். சக்கரம் என்றால் வலஞ்சுழிதான், இது உல்டா என்றான். சொன்னது ஒரு சொல். அதிலிருந்து மூன்று கூட்டமும் நாற்பத்தொரு மின்னஞ்சலும் கடலிலிருந்து ஆலகாலம் போலப் பொங்கி எழுந்தன. இருவரும் தற்காலிகப் பணியாளர். திங்கட்கிழமை எவன் சொன்ன சுழியில் படம் செயலியில் ஏறுகிறதோ அவன் வேலை நிரந்தரம் என்று மேலாளர் முரசறைந்தார்.

மூவுலகும் நடுங்கின என்று எழுத ஆசைதான். நடுங்கியது தாபோடியில் ஒரே ஒரு வீடு. ஏனெனில் வீரனைப் பெற்ற ஆரோக்கியமணி, மகன் வேலை நிரந்தரமாகிவிட்டதென்று போன ஞாயிறே பூசை முடிந்த கையோடு கோயில் வாசலில் பதினான்கு பேருக்குப் பிரகடனம் செய்துவிட்டாள்.

"நெசமாவே பெர்மனென்ட் ஆயிட்டு வா," என்றாள், சாப்பாட்டு டப்பாவை நீட்டியபடி. "பக்கத்து வீட்டு ஃபேபியோலா ஆன்ட்டிக்கு நான் கேக்கே குடுத்தாச்சு."

சக்கரத்தைக் கண்ணாரக் கண்டு வருவதென்று சனிக்கிழமை காலை புறப்பட்டான் சுபின். நின்றபடியே ஒரு பேருந்து, ஸ்வார்கேட்டில் மாறி மறுபடியும் நின்றபடியே ஒரு பேருந்து. நாள் முழுக்கச் செங்கல் ஏற்றியவன் லாரியிலிருந்து இறங்குவதுபோல் கோந்த்வாவில் இறங்கி, கூடத்தின் கதவைத் திறந்தான். திறந்தவன் புற்றுக்குள் கைவிட்டவன்போல் நின்றான். உள்ளே, இடுப்பில் ஏப்ரன் கட்டி, ஷ்ரேயஸ்!

சும்மாதான் வந்தேன் என்றான் ஷ்ரேயஸ். நானும் சும்மாதான் என்றான் சுபின். இருவர் கண்ணிலும் வேல் முளைத்தது.

அக்கூடத்தில் மண் பிசைபவர் ஆம்பூர்க்காரர் முகமது இஸ்மாயில். வேடிக்கை பார்க்க இங்கே யாருக்கும் அனுமதியில்லை, வந்தவர் சக்கரத்தில் உட்கார்ந்தே ஆகவேண்டும் என்றார். எந்தக் கையால் எழுதுவீர்கள் என்று இருவரையும் கேட்டார். சுபின் வலக்கையைத் தூக்கினான். ஷ்ரேயஸ் இடக்கையைத் தூக்கினான். இஸ்மாயில் ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் குனிந்து எதையோ தட்டிவிட்டு எழுந்தார். எதிரியை விட்டுக் கண்ணெடுக்காத வீரர் இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

தொடங்கிற்று சமர். மண் சுமந்தவன் எவனும் மண்ணை எளிதாக எண்ணமாட்டான். சுபின் மண் சுமந்ததில்லை. ஒரு கிலோ உருண்டையைச் சக்கரத்தின் நடுவில் அறைந்து, நீர் தெளித்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி அவன் அமுக்க, கடிவாளம் காணாத குதிரைபோல் அது இடப்புறம் துள்ள, அவன் இடப்புறம் சாய, அது வலப்புறம் துள்ள, கலவை இயந்திரத்துக்குள் விழுந்த கடப்பாரைபோல் அவன் தோளிரண்டும் தடதடக்க, மூக்கில் சேறு, காதில் சேறு, அம்மா கொடுத்த டப்பாவின் மூடியிலும் சேறு. அந்நிலையிலும் மாவீரன் காணவேண்டியதைக் கண்டான். சக்கரம் இடஞ்சுழியாகவே சுழன்றது.

"தேக் லே!" என்று இந்தியில் முழங்கினான், பார்த்துக்கொள் என்னும் பொருளில்.

"தூ தேக்!" என்று அதே கணம் முழங்கினான் ஷ்ரேயஸ், நீ பார் என்று. அவனுடையது வலஞ்சுழியாகச் சுழன்றுகொண்டிருந்தது.

ஒருவன் சக்கரத்தை ஒருவன் பார்த்தான். உன்னுடையது பழுது என்றான் இவன்; உன்னுடையதுதான் என்றான் அவன். சினம் தலைக்கேறச் சுபினின் கை மண்ணை விட்டு எழுந்தது. கால் மட்டும் சக்கரத்தை விரைவாக்கும் மிதியை முழுவதும் அழுத்திற்று. இராமபாணமாய்ப் புறப்பட்ட களிமண் உருண்டை ஷ்ரேயஸின் மார்பில் தைத்து, சற்றே யோசித்து, மெல்ல வழுக்கி மடியில் அமர்ந்தது.

"அட அம்மா!" என்று தன்னையறியாமல் தமிழில் அலறினான் சுபின்.

"தமிழா தம்பி நீங்க?" என்றார் இஸ்மாயில், மகிழ்ந்துபோய். "எதுக்குச் சண்ட? அடியில சுவிட்ச் இருக்குதுல்ல. சோத்துக்கைக்காரங்களுக்கு ஒரு பக்கம் ஓடும், பீச்சாங்கைக்காரங்களுக்கு மறுபக்கம் ஓடும். நாந்தான் மாத்தி வுட்டேன்."

சுபின் சக்கரத்தின் அடியில் குனிந்து பார்த்தான்.

"இத ஒரு போன் போட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அச்சொல் கேட்டு, களத்தில் சாய்ந்த யானைபோல் இருவர் தலையும் குனிந்தன. பகை மறந்த வீரர் இருவரும் ஒரே குழாயில் கை கழுவி, ஒரே டப்பாவில் எலுமிச்சைச் சோறு உண்டு, ஒரே பேருந்தில் நின்றபடி நாடு திரும்பினர்.

திங்கட்கிழமை மேலாளர் சக்கரத்தை எடுத்துவிட்டு மூன்று புள்ளி போடச் சொல்லிவிட்டார், யாருக்கும் வேலை நிரந்தரமாகவில்லை, அடுத்த ஞாயிறு ஆரோக்கியமணி பக்கத்து ஏரியா கோயிலுக்குப் பூசைக்குப் போனாள்.