கரண்டிப் பெட்டியில் கிடக்கும் விசில் பற்றி

அன்புள்ள மருமகளுக்கு,

மாடி அறையிலிருந்து மாமா எழுதிக்கொள்வது. இங்கு நானும் முழங்கால் வலியும் நலம். கீழே நீ நலமாயிருப்பதைப் படிக்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஐந்து நாளாக நீ என்னோடு பேசாததால் ஒரே வீட்டுக்குள் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

எல்லாவற்றுக்கும் காரணம் குக்கர்தான். கூடைப்பந்து நடுவர் தேர்வுக்கு நீ படித்தபோது, சமையலறை மேசையில் கரண்டியை நடுக்கோடாக வைத்து, உப்பு ஜாடியை ஆட்டக்காரனாக்கி எனக்கு விளக்கினாய். "மாமா, பந்தை முன்பாதிக்குக் கொண்டு போயிட்டா, அந்த டீம் அதைத் திரும்பப் பின்பாதிக்குக் கொண்டு வரக்கூடாது. அதுதான் பேக்கோர்ட் தப்பு" என்றாய். அதற்குப் பிறகும் ஏதோ சொன்னாய், குக்கர் கூவியது, நான் அடுப்பை அணைக்கப் போனேன், திரும்பி வரும்போது விதி முழுவதும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். முப்பத்தெட்டு வருடம் நிலம் அளந்தவனுக்குக் கோட்டைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும் என்ற திமிர் வேறு.

உன் முதல் போட்டியில், முன்பாதியில் நின்ற சிவப்பு அணிப் பையனிடமிருந்து பந்து நடுக்கோட்டைத் தாண்டிப் பின்னால் உருண்டது, அவன் அணியே ஓடிப்போய் எடுத்தது, நீ ஊதவில்லை, ஐயோ மறந்துவிட்டாளே என்று பதறி, உனக்கு ஞாபகப்படுத்தத்தான், சத்தியமாக அதற்குத்தான், எழுந்து நின்று "பேக்கோர்ட்!" என்று கத்தினேன். அரங்கமே சேர்ந்து கத்தும் என்று கண்டேனா? பக்கத்திலிருந்தவர், "ரெஃப்ரீக்குக் கண்ணு தெரியல, யார் வீட்டுப் பொண்ணோ" என்றார். "எங்க வீட்டுப் பொண்ணுய்யா!" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். கோட்டை அளந்து காட்டினால் கூட்டம் அடங்கும் என்று அளவு டேப்போடு ஆடுகளத்தில் இறங்கினேன். "நீலச் சட்டைப் பெரியவரே, தயவுசெஞ்சு வெளிய போங்க" என்று நீ சொன்னபோது உன் குரல் நடுங்கியது. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வாசலில் வைத்து உன் அத்தைதான் மீதி விதியைச் சொன்னாள். "எதிர் டீம் பையன் கை பட்டுத்தான் பந்து பின்னாடி போச்சாம். அப்படிப் போனா தப்பில்ல. அவ இதைச் சொல்லும்போது நீங்க குக்கர்கிட்ட நின்னீங்க." ஆக, நீ சரி, நான் தப்பு. மன்னித்துவிடு. இனி நடுவர் வேலையே வேண்டாமென்று விசிலைக் கரண்டிப் பெட்டியில் போட்டுவிட்டாயாம். சனிக்கிழமைப் போட்டிக்கு வருவாயா என்று இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். என் வாயால் அது கைவிட்டுப் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காதம்மா.

நீ நூறு போட்டிகளுக்கு ஊதவும், நாளை முதல் தேநீரைக் கதவருகே வைக்காமல் கையில் தரவும் வேண்டிக்கொள்ளும்,

மாமா.

பி.கு.: இதை மடிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் போட்டியின் வீடியோவைக் கொண்டுவந்தார். பதினோரு தடவை பார்த்தேன். அந்த எதிர் அணிப் பையன் கை பந்தில் படவே இல்லை. ஒரு விரல் இடைவெளி தெரிகிறது. ஆகவே நீதான் தப்பு. மேலே கேட்ட மன்னிப்பை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நான் தப்பாக அளந்து, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பப் போய் அளந்த நிலம் நாற்பதுக்குக் குறையாது. ஒருத்தரும் என் அளவுச் சங்கிலியைப் பிடுங்கவில்லை. விசிலைக் கழுவித் துடைத்து, இந்தக் கடிதத்தின் மேலேயே வைத்திருக்கிறேன்.